கட்டம் போடுவது எளிது, கோடுதான் கடினம்

ஊரில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டைப் பழுது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு சித்திரை மாதத்தில் முடிவு செய்தேன். கணினியில் மன வரைபட மென்பொருளைத் திறந்து, திரையின் நடுவில் ‘ஊர் வீடு’ என்று எழுதினேன். அதிலிருந்து ஏழு கிளைகள் பிரிந்தன: கூரை, மரவேலை, தரை, மின்சாரம், ஆட்கள், பணம், பத்திரங்கள். கூரைக்குக் கீழே ஓடு, ரீப்பர், கைமரம். மரவேலைக்குக் கீழே வாசல் நிலை, பின்கதவு, செல்லரித்த தூண். பணத்துக்குக் கீழே சேமிப்பு, வங்கிக் கடன், கைமாற்று. ஒரே மாலையில் 52 கணுக்கள், அதாவது எழுதிய கட்டங்கள், சேர்ந்துவிட்டன. கிளைக்கு ஒரு நிறம் கொடுத்து, அங்கங்கே சின்னச் சின்னப் படங்களும் ஒட்டி, திரையைப் படமெடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஆடி மாதம் முடிந்தது. ஓர் ஓடுகூட மாறவில்லை.

இதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதை அது செய்தது. நான் கேட்டதுதான் அரைகுறை. எண்ணங்களையும் இலக்குகளையும் படமாக வரைந்து பார்க்க உதவும் இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது, எத்தனை நிறம், எத்தனை வார்ப்புரு, கைப்பேசியில் ஓடுமா என்றே பேச்சு போகிறது. கட்டங்களை இணைக்கும் கோட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புள்ளி வைத்தவுடன் கோலமாகிவிடாது என்பது வாசல் தெளிக்கிற எவருக்கும் தெரியும். என் 52 கணுக்களும் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே போன கோடுகளுக்கு ‘இது இதன் கீழ் வரும்’ என்பதைத் தவிர வேறு பொருளே இல்லை.

எண்ணத்தை ஏன் தலைக்கு வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கு உளவியலில் நல்ல விடை இருக்கிறது. ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்திக் கையாளக்கூடிய துண்டுகள் ஏழு, கூடக்குறைய இரண்டு என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. நெல்சன் கோவன் 2001-இல் அதை ஏறக்குறைய நான்காகக் குறைத்தார். வீட்டுப் பழுதுவேலையோ, ஆராய்ச்சிக் கட்டுரையோ, கல்யாணமோ நாலு துண்டுகளில் அடங்குவதில்லை. ஐந்தாவதை நினைக்கும்போது முதலாவது நழுவுகிறது. காகிதமும் திரையும் நழுவியதைப் பிடித்து வைக்கின்றன. அவ்வளவில் மளிகைப் பட்டியலும் அதையே செய்கிறது. படம் கூடுதலாகத் தருவது இடம். ‘அந்த வலது மூலையில் இருந்ததே’ என்று கண் தேடிப் போகிறது. பட்டியலில் 31-ஆவது வரி எது என்று யாருக்கும் நினைவிருக்காது.

கணினித் திரையில் ஒருவர் தம் சொந்த வேலைகளைப் படமாக வரைந்து காட்டியது 1968 டிசம்பர் 9 அன்று. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒன்றரை மணி நேரம் செயல்விளக்கம் தந்தார். சுட்டி என்கிற மவுஸைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி என்றே அது நினைவுகூரப்படுகிறது. எனக்குப் பிடித்தது அதில் வேறொரு பகுதி. வீட்டுக்குப் போகும் வழியில் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலைத் திரையில் எழுதுகிறார், வகை பிரித்து அடுக்குகிறார், மடக்கி விரிக்கிறார். பிறகு அதையே வேறு கோலத்தில் காட்டுகிறார்: அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை, நடுவில் நிற்க வேண்டிய இடங்கள், ஓர் இடத்தைச் சுட்டினால் அங்கே செய்ய வேண்டியது என்ன என்ற குறிப்பு. அந்தப் படத்தில் இருந்த கோட்டுக்குத் தெளிவான பொருள் இருந்தது. ‘இதற்குப் பிறகு இங்கே’ என்பதுதான் அது. நான் வரைந்த வண்ணப் படத்தில் இல்லாமல் போனது, அரை நூற்றாண்டுக்கு முந்திய அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையில் இருந்தது.

இன்று மன வரைபடம் என்றதும் நினைவுக்கு வரும் வடிவம் வேறோர் ஆளிடமிருந்து வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த டோனி புஸான் 1974-இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியே இதைப் பரப்பினார். நடுவில் ஒரு படம். அதிலிருந்து வளைந்து வளைந்து போகும் கிளைகள். மையத்துக்கு அருகில் தடிப்பு, தூரம் போகப் போக மெலிவு. ஒரு கிளைக்கு ஒரே சொல். நிறைய நிறங்கள். இவை அவர் வகுத்த விதிகள். மரம்போல் கிளைத்து எழுதுவது அவருக்கு வெகு முன்பே இருந்தது. ஐரோப்பாவின் இடைக்காலத் தத்துவ ஏடுகளில் பொருள்களை வகைப்படுத்தும் மரங்கள் இருக்கின்றன. புஸான் செய்தது அதற்குப் பெயரிட்டு, விதி வகுத்து, மூளையின் இரு பாதிகள் பற்றிய ஏராளமான வாக்குறுதிகளோடு விற்றது. அந்த வாக்குறுதிகளில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிஞ்சுவது பயனுள்ளதுதான். சிதறிக் கிடக்கும் எண்ணங்களை வேகமாகக் கொட்டுவதற்கு மரவடிவத்தைப் போல வேறு எதுவும் இல்லை. எதை எதன் கீழ் வைப்பது என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை தேட வேண்டும். ஆனால் அந்த ஒரே கேள்விக்கு மட்டும்தான் அது விடையும் தரும்.

இதே காலத்தில், ஆரவாரமே இல்லாமல் இன்னொரு படம் பிறந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழு, குழந்தைகளின் அறிவியல் அறிவு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. குழந்தைகளோடு பேசியதை எழுதி எழுதிக் கத்தை கத்தையாகக் காகிதம் சேர்ந்தது. அதிலிருந்து ஒரு குழந்தைக்கு என்ன புரிந்திருக்கிறது என்று பிரித்தெடுக்கவே முடியவில்லை. புதியதை ஏற்கெனவே தெரிந்ததோடு இணைத்தே கற்கிறோம் என்ற டேவிட் ஆசுபெல்லின் கற்றல் கோட்பாட்டைத் துணைக்கொண்டு 1972-இல் அவர்கள் கண்ட வழிதான் கருத்து வரைபடம். கருத்துகளைக் கட்டங்களில் எழுதுவது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் அவற்றின் உறவைச் சொல்லும் சொல்லை எழுதுவது. கட்டம், கோட்டுச்சொல், கட்டம் மூன்றையும் சேர்த்துப் படித்தால் சரியோ தவறோ ஒரு கூற்று கிடைக்க வேண்டும். ‘நீர்’, ‘ஆவி’ என்று இரு கட்டங்கள் இருந்தால் குழந்தைக்கு இரண்டு சொற்கள் தெரியும் என்றுதான் பொருள். நடுவில் என்ன எழுதுகிறது என்பதில்தான் புரிந்ததா இல்லையா என்பது தெரியும்.

நோவாக்கும் அவருடைய சகாக்களும் பின்னாளில் ஃபுளோரிடாவில் உருவாக்கிய சிமேப்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குக் கோடு இழுத்தால், நடுவில் தானாகவே நான்கு கேள்விக்குறிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே எதையாவது எழுதும்வரை அவை போகாது. பார்ப்பதற்கு அரதப்பழசான மென்பொருள் அது. பளபளப்பும் இல்லை, மின்னலும் இல்லை. ஆனாலும் நான் பயன்படுத்திய எந்தக் கருவியும் அந்த நான்கு கேள்விக்குறிகளைப் போல என்னை உட்கார வைத்து யோசிக்கச் சொன்னதில்லை.

இங்கே தமிழில் எழுதுபவருக்கு ஒரு சங்கடம் வரும். நோவாக்கின் முறை ஆங்கிலத்தில் பிறந்தது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற அந்த மொழியின் வரிசையும், கட்டம், கோடு, கட்டம் என்ற படத்தின் வரிசையும் ஒன்றாகப் பொருந்திவிடுகின்றன. தமிழில் வினை கடைசியில் வரும். ‘வேர்’ என்ற கட்டத்திலிருந்து ‘நீர்’ என்ற கட்டத்துக்கு அம்பு போட்டு, நடுவில் ‘உறிஞ்சுகிறது’ என்று எழுதினால் ‘வேர் உறிஞ்சுகிறது நீர்’ என்று ஆகிறது. புதுக்கவிதைக்குப் பொருந்தலாம். அதோடு வேற்றுமை உருபுச் சிக்கலும் உண்டு. ‘நீரை’ என்று கட்டத்தில் எழுதலாம் என்றால், அதே கட்டத்துக்கு ‘மீன்’ என்பதிலிருந்தும் ஒரு கோடு வரும்; மீனுக்கு ‘நீரில்’ வேண்டும். ஒரு கட்டம் எத்தனை உருபைத்தான் சுமக்கும்?

நம் பாடநூல்களிலும் பயிற்சிக் கையேடுகளிலும் உள்ள பல கருத்து வரைபடங்களில் கோடுகள் மொட்டையாக நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். எழுதிப் பார்த்திருப்பார்கள், தமிழ் இடறியிருக்கும், அழித்திருப்பார்கள்.

வழி இலக்கணத்திலேயே இருக்கிறது. பெயரெச்சத்தைக் கோட்டில் எழுதினால் தொடர் தானாகச் சேர்ந்துகொள்ளும்: வேர், ‘உறிஞ்சும்’, நீர். ‘வேர் உறிஞ்சும் நீர்.’ முழு வாக்கியமே வேண்டும் என்றால் ‘-வது’, ‘-பது’ என்று முடியும் வடிவம் இருக்கிறது: ‘வேர் உறிஞ்சுவது நீர்.’ உருபு கட்டத்தில் ஏறவில்லை, வரிசை புரளவில்லை, கேட்பதற்கும் இயல்பாக இருக்கிறது. ‘கொத்தனார் கேட்பது முன்பணம்.’ ‘ஓட்டைத் தாங்குவது ரீப்பர், ரீப்பரைத் தாங்குவது கைமரம்’ என்பதில் மட்டும் ஓர் உருபு மீண்டும் எட்டிப் பார்க்கிறது. அம்பைத் திருப்பிப் போட்டு ‘கைமரம் தாங்கும் ரீப்பர், ரீப்பர் தாங்கும் ஓடு’ என்றால் அதுவும் போய்விடும். இப்படி அம்பைத் திருப்ப வேண்டி வரும்போதெல்லாம் எது எதைத் தாங்குகிறது, எது எதற்குக் காத்திருக்கிறது என்று இன்னொரு தடவை யோசிக்க வேண்டியிருக்கிறது. மொழி தரும் இந்தத் தொல்லையால் எனக்கு லாபம்தான்.

புஸானின் ‘கிளைக்கு ஒரு சொல்’ விதிக்கும் தமிழில் வேறு முகம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்றால் பெரும்பாலும் வெறும் பெயர். தமிழில் ‘மாற்றவேண்டியவை’, ‘மாற்றமுடியாதவை’, ‘கேட்காதவர்களிடமிருந்து’ ஆகியவையும் ஒரு சொல்தான். காலம், எதிர்மறை, இயலாமை, யார் எவர் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். ‘கதவு’ என்று எழுதி வைப்பதைவிட ‘கதவு: மாற்றமுடியாது’ என்று எழுதுவது எவ்வளவோ மேல். என்ன, கணு அகலமாகிவிடும். பல மென்பொருள்கள் ஆங்கிலச் சொல்லின் அகலத்தை மனத்தில் வைத்தே கட்டத்தை அளந்திருக்கின்றன. நீண்ட தமிழ்ச் சொல் எங்காவது நடுவில் ஒடிந்து அடுத்த வரிக்குப் போய், ஒற்றெழுத்து தனியே நின்று விழிக்கும். கணுவின் அகலத்தை அமைப்பில் போய்க் கூட்டிக்கொள்வதுதான் வழி.

தமிழ்நாட்டில் மன வரைபடம் பலருக்குக் கணினிக்கு முன்பே அறிமுகமானது. 2000-களின் பிற்பகுதியில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற முறை வந்தபோது, பாடத்தைப் படித்து, புதிய சொற்களைக் கண்டு, மன வரைபடம் வரைந்து, குழுவில் பேசித் தொகுத்து, பிறகு எழுதுவது என்று வகுப்பு நகரும். நல்ல எண்ணத்தோடு வந்த முறை அது. நான் புரட்டிப் பார்த்த நோட்டுப் புத்தகங்களில், பாடத்தின் உட்தலைப்புகளை அப்படியே எடுத்து வட்டத்துக்குள் போட்டு, நடுவட்டத்தோடு கோடிழுத்த படங்களே மிகுதி. மாணவரைச் சொல்லிப் பயனில்லை. வகுப்பு முடிய 40 நிமிடம். வட்டம் போட்டால் வேலை முடிந்தது என்று ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திடுவார். நான் 52 கணுக்களோடு செய்ததும் அதே வேலைதான், கொஞ்சம் விலை உயர்ந்த கருவியோடு.

இந்தப் படங்கள் உண்மையிலேயே பலன் தருகின்றனவா என்று ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதே திசையைக் காட்டுகிறது. 2002-இல் பிரிட்டனில் 50 மருத்துவ மாணவர்களுக்கு 600 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பாதியினர் மன வரைபடம் வரைந்து படித்தார்கள். மறு பாதியினர் தங்கள் வழக்கப்படி. ஒரு வாரம் கழித்து வரைந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக நினைவிருந்தது. ஆனால் வரையச் சொன்னபோது அவர்களுக்கு ஊக்கம் குறைவாக இருந்தது. கருத்து வரைபடம் பற்றிய 55 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி நெஸ்பிட், அடெசோபே ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வெறுமே வாசிப்பதையும் பேருரை கேட்பதையும்விட வரைபடம் மேல் என்று தெரிந்தது. சொந்தமாகச் சுருக்கம் எழுதியவர்களோடு ஒப்பிட்டால் அந்த நன்மை சிறுத்துவிடுகிறது. பலன் படத்தின் அழகிலிருந்து வருவதில்லை, வரையும்போது படுகிற பாட்டிலிருந்து வருகிறது.

2011-இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் கார்பிக்கி, பிளண்ட் ஆகியோர் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது இன்னும் சுருக்கென்று தைக்கும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து நன்றாகப் பதில் சொன்னார்கள். தேர்வே ‘கருத்து வரைபடம் வரைக’ என்று இருந்தபோதும் அவர்களே முந்தினார்கள். இதைப் படித்துவிட்டு வரைபடத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வரைய வேண்டும்; பிறகு திறந்து, விட்டுப்போன கோட்டை வேறு நிறத்தில் போட வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் யாராவது இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துப் போவதானால் இதை எடுத்துப் போகலாம். விலைக்கு வாங்கிய வண்ணமயமான மன வரைபடங்களைச் சுவரில் ஒட்டிக்கொள்வது சுவருக்குத்தான் நல்லது.

இலக்குகளுக்கு வருவோம். படிப்பைப் போல அல்லாமல், இலக்கைப் படமாக வரைவதில் ஒரு வஞ்சம் உண்டு: வரைந்து முடித்ததும் ஏதோ நடந்துவிட்டதுபோல் மனம் நிறைந்துவிடுகிறது. முடிக்காத காரியம் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. உளவியலாளர்கள் மசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், அந்தக் காரியத்தை முடிக்காவிட்டாலும், எப்போது எங்கே எப்படிச் செய்வது என்று திட்டமிட்டுவிட்டாலே அரிப்பு அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். ‘திட்டமிட்டுவிட்டாலே’ என்ற அந்த இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. என் வண்ணப் படம் எனக்கு நிம்மதியைக் கொடுத்துவிட்டது. அதில் திட்டம் இல்லை. ‘இன்ன நிலை வந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பவர்கள், வெறுமே ‘செய்வேன்’ என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். அவருடைய ‘வந்தால்’ என்பதுதான் நான் தேடிக்கொண்டிருந்த கோட்டுச்சொல்.

பொறியியல் உலகம் இந்தக் கோட்டை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்ற வலைப்பட முறையை வகுத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் டூபாண்ட் நிறுவனத்தில் முக்கியப் பாதை முறை உருவானது. இரண்டிலும் கோட்டுக்கு ஒரே பொருள்: இது முடியாமல் அது தொடங்காது. கட்டடப் பொறியாளர்களுக்கு இது அன்றாடப் பாடம். மேஸ்திரிகள் படமே இல்லாமல் தலைக்குள் வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள்தான் சொந்த வாழ்க்கைக்கு வரும்போது ‘பணம்’, ‘குடும்பம்’, ‘உடல்நலம்’ என்று தலைப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.

ஆடி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழகான அந்தக் கோப்பை அப்படியே விட்டுவிட்டுச் சிமேப்டூல்ஸில் புதிதாக ஒன்றைத் திறந்தேன். இந்தத் தடவை தொடங்கியது முடிவிலிருந்து: ‘ஓடு மாற்றியாயிற்று’. அது எது முடியாததால் நிற்கிறது என்று கேட்டு ஒரு கோடு. கைமரம் மாற்றாமல் ஓடு மாற்றினால் அடுத்த காற்றுக்கு எல்லாம் சரியும். கைமரம் ஆசாரிக்குக் காத்திருக்கிறது. ஆசாரி முன்பணம் கேட்கிறார். முன்பணம் வங்கிக் கடனுக்குக் காத்திருக்கிறது. வங்கி என் பெயரில் பட்டா கேட்கிறது. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. பெயர் மாற வாரிசுச் சான்றிதழும் தம்பியின் சம்மதமும் வேண்டும். சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. சம்மதம் எதற்குக் காத்திருக்கிறது?

அந்தக் கேள்விக்குறிகளுக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: ‘தம்பியிடம் பேசுவது’.

முதல் படத்தின் 52 கணுக்களில் அது இல்லை. எப்படி இருக்கும்? கூரையின் கீழும் வராது, பணத்தின் கீழும் வராது, ‘ஆட்கள்’ என்ற கிளையில் கொத்தனாரோடும் எலக்ட்ரீஷியனோடும் தம்பியைச் சேர்க்கவும் முடியாது. வகைப்படுத்தும் மரத்தில் அதற்கு இடமே இல்லை. எது எதற்குக் காத்திருக்கிறது என்று பின்னோக்கிப் போனபோது எட்டாவது கணுவில் தானாக வந்து நின்றது. அப்பாவின் காரியம் முடிந்த பிறகு நாங்கள் இருவரும் ஒழுங்காகப் பேசி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களுக்கு: கொட்டுவதற்கு ஒன்று, கோர்ப்பதற்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். கொட்டுவதற்கு எக்ஸ்மைண்டோ ஃப்ரீபிளேனோ எதுவும் ஆகும். விசைப்பலகையில் டேப் விசையை அழுத்தினால் கிளை பிறக்கும் வேகம் இருந்தால் போதும். ஃப்ரீபிளேன் முழுக்க இலவசம், திறந்த மூலம், பழைய கணினியிலும் ஓடும். கிளைகளுக்குக் குறுக்கே கோடு போட்டு அதன் நடுவில் எழுதவும் இடம் தருகிறது. கோர்ப்பதற்குச் சிமேப்டூல்ஸ். எல்லையில்லாத வெள்ளைப்பலகை வேண்டும் என்றால் மிரோ. பலர் சேர்ந்து வரைய அது தோது, தனியாள் தொலைந்து போகவும் தோது. குறிப்புகளை ஆப்சிடியனில் எழுதுபவர்களுக்கு 2022 இறுதியிலிருந்து அதற்குள்ளேயே கேன்வாஸ் என்ற வரைபலகை இருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்: கோப்பு எந்த வடிவத்தில் சேமிக்கப்படுகிறது என்பது. ஃப்ரீபிளேனின் கோப்பு எக்ஸ்எம்எல். ஆப்சிடியன் கேன்வாஸின் கோப்பு ஜேசன். இரண்டையும் சாதாரண உரைத்திருத்தியில் திறந்து படிக்கலாம். மாதச் சந்தா நின்றால் திறக்காத பெட்டியில் பத்தாண்டு யோசனைகளைப் பூட்டி வைப்பவர்களுக்கு என் அனுதாபம்.

தமிழில் எழுதுபவர்கள் மேலும் இரண்டைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பிடிஎஃப் ஆக்கிப் பார்ப்பது. திரையில் ஒழுங்காக இருக்கும் ‘கொத்தனார்’, ஏற்றுமதி செய்ததும் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம் என்று பிரிந்து கிடந்ததை நான் ஒரு கருவியில் அனுபவித்திருக்கிறேன். கூட்டத்தில் அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன். இரண்டாவது, தேடல். ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டை’யும் ‘வீட்டுக்கு’வும் சிக்காது, வேரும் விகுதியும் புணர்ந்து எழுத்தே மாறிவிடுவது இந்தக் கருவிகளுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு ‘கோ’ என்பதை ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு விதமாக உள்ளிட முடியும், ஓகாரக் குறியை ஒரே குறியாகவோ, ஏகாரக் குறியும் காலுமாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சில தேடல்களுக்கு வேறு வேறு. அதனால் ஒவ்வொரு முக்கியக் கணுவுக்கும் உருபேறாத பெயரை அடையாளச் சொல்லாக ஒட்டி வைப்பது என் வழக்கம். இருநூறு கணுக்களைத் தாண்டிய படத்தில் இது இல்லாமல் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இருநூறு கணுக்களைத் தாண்டிய படம் எதற்கு என்பது வேறு கேள்வி.

தம்பியை அழைத்தது அடுத்த ஞாயிறு. பட்டாவைப் பற்றி எடுத்ததும் அவன் தயங்கவில்லை. கையெழுத்துப் போட எப்போது வர வேண்டும் என்றுதான் கேட்டான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணா, திண்ணையை இடித்துவிடுவாயா?” என்றான். நான் அதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு படங்களிலும் திண்ணை இல்லை. போனை வைத்ததும் கோப்பைத் திறந்து ‘திண்ணை’ என்று ஒரு கட்டம் போட்டு, தம்பியிலிருந்து அதற்கு ஒரு கோடு இழுத்தேன். ஐப்பசி மழைக்கு முன் கைமரமும் ஓடும் மாறிவிட்டன. அந்தக் கோட்டின் மேல் நான்கு கேள்விக்குறிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.